பீரோவில் பூட்டிய விஞ்ஞானம்

நம் தேசத்தின் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்குகொண்டு உருவாக்கிய ஆசாதிசாட் என்னும் எட்டுக் கிலோ செயற்கைக்கோளை, 2022 ஆகஸ்டு 7ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ராக்கெட், 356 கிலோமீட்டர் உயர வட்டப் பாதையில் சேர்ப்பதற்குப் பதிலாக, ஒரு முனை 76 கிலோமீட்டருக்கே தாழ்ந்துவிடும் நீள்வட்டத்தில் விட்டு வீணாக்கிற்று; 2023 பிப்ரவரி 10ஆம் தேதி ஏறிய இரண்டாவது கோள் உரிய பாதையை அடைந்தது. அச்செய்தியைப் படித்தது முதல், பள்ளிப் பெண்கள் இவ்வேலையில் கைபழகும் விதத்தை நேரில் காணும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. சாத்தூர்ப் பக்கத்து அரசினர் பெண்கள் பள்ளியொன்றில் விஞ்ஞான ஆசிரியையாயிருக்கும் சிநேகிதர் அதற்கு வழிசெய்தார்.

அவர் வகுப்பில் புரோகிராம் எழுதும் பகுதியில் என் மனம் தங்கவில்லை; என்னை ஆட்கொண்டது சால்டரிங் அயர்ன் ஒன்றே. ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதன் முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, ஒயரும் தகடும் கூடுமிடத்தில் ஊன்றி, இரண்டும் சூடேறும்வரை காத்திருந்து, பிறகே ஈயக் கம்பியைத் தொட்டாள். ஈயம் பளபளவென்று பரவிற்று. பக்கத்தில் ஒரு பற்று மங்கலாய்த் திரண்டிருந்தது. "இது டிரை சால்டர் சார். ஒட்டின மாதிரிதான் இருக்கும், கரண்டு போகாது" என்று அதைத் தயங்காமல் உருக்கி எடுத்தாள்.

அவள் தாய் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைப்பவர், தந்தை இல்லை. மோட்டாரை நிறுத்த மறந்து பள்ளித் தொட்டி நிரம்பி வழிவது அங்கே நித்திய சம்பவமாதலால், அதற்கொரு மணி செய்கிறாள். மூடியில் பொருத்தும் அல்ட்ராசானிக் சென்சார் காதுக்கெட்டாத ஒலியை அனுப்ப, அது நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகை அளந்து, விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் என்னும் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுக்கிறது. ஏன் வகுக்க வேண்டும் என்றேன். "சத்தம் போயிட்டுத் திரும்பி வருதுல்ல சார்? நமக்கு ஒரு வழித் தூரம்தானே வேணும்?"

இச்சாமான்கள் சென்னை ரிச்சி தெருவில் உதிரியாகவே கிடைப்பவை. அவற்றை வண்ணப் பெட்டியில் அடுக்கி, 'ரோபாட்டிக்ஸ் கிட்' என்று நாமகரணம் செய்து, பன்மடங்கு விலைக்கு விற்கும் ஏஜெண்டு ஒருவர் இப்பள்ளிக்கும் ஒன்றை விற்றுப்போயிருக்கிறார். அவ்வளவு விலையுள்ள பண்டம் உடைந்தால் ஜவாப் சொல்ல வேண்டியவர் ஆசிரியை; ஆகவே அது பீரோவில் பூட்டுண்டு, ஸ்டாக் ரிஜிஸ்தரில் க்ஷேமமாயிருக்க, மாணவிகள் தொடுவதெல்லாம் ஆசிரியை கைக்காசு போட்டு வாங்கிய உதிரிகளை! மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் தேர்ந்தெடுத்த பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய்வரை அளிக்கிறது. ஆகவே சர்க்காருக்கு மனமில்லை என்பதற்கில்லை. தாய் அடைக்கும் பெட்டிக்குக் கூலியைக் குறைக்கும் தரகனும், மகள் திறக்கலாகாத பெட்டிக்கு விலையை ஏற்றும் தரகனும் ஒரே வர்க்கத்தினர் என்பதே என் அபிப்பிராயம்.

கல்வி இலாகாவுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு: ஸ்டாக் ரிஜிஸ்தரில் 'பழகியதில் கெட்டவை' என்று ஒரு கலம் சேர்க்கட்டும், வருஷ முடிவில் அது வெறுமையாயிருக்கும் பள்ளியிடம் விளக்கம் கேட்கட்டும்.