முள்ளுக்கு முந்தி

சீமைக் கருவேல முள் டயரில் ஏறினால் முழுசாக நிற்பதில்லை. அடி ஒடிந்து விழுந்துவிடும், நுனி ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்டி ஓட ஓட அந்த நுனி உள்ளே நகர்ந்து, சில நாளோ சில வாரமோ கழித்துக் காற்றை இறக்கும். கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவே, டிராக்டரும் ஜேசிபியுமே பெரும்பாலும் வந்து நிற்கிற ஒரு பஞ்சர் கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். ரிம்மிலிருந்து பிரித்த டிராக்டர் முன் டயரை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, பழைய வேட்டித் துணியைச் சுருட்டி உள்பக்கம் முழுவதும் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் துணி சிக்கியது. "இங்க இருக்கு பாருங்க தம்பி" என்று குறடை வைத்துப் பிடுங்கினார். ஒரு நகக்கண் நீளம்கூட இல்லாத கறுப்பு நுனி. கையால் தடவினால் சீக்கிரம் தெரியாதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளங்கையை விரித்தார். கோடு கோடாகப் பழைய தழும்பு. வேலை பழக வந்த பையனுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது துணி போட்டுத் தேடத்தான்.

"டியூப மட்டும் ஒட்டி அனுப்புனா, அதே வண்டி நாளைக்கும் இங்கதாண்ணே நிக்கும்" என்றான் பையன்.

வேலிக்கருவை என்று ஊர் சொல்லும் இந்த மரம் அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. ராமநாதபுரத்துக் கண்மாய், ஓடை, தரிசு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது சோறும் போடுகிறது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது கண்மாய்களுக்குள் ஜேசிபிகள் வரிசையாக இறங்கின. வேரோடு பிடுங்குகிற வண்டி அந்த முள்ளின் மேலேயேதான் ஏறி நின்று பிடுங்கவேண்டும். வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை. டயர் இறங்கினால் வாடகை நின்றது. பஞ்சர் கடைக்காரர் கம்ப்ரஸரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கண்மாய்க்குள் போகவேண்டும். 16.9-28 அளவுள்ள பின் டயர் ரிம் இல்லாமலேயே ஓர் ஆள் எடைக்குக் குறையாது. நிழலில்லாத இடத்தில் அதை ஜாக்கி போட்டு இறக்கி, சம்மட்டியால் விளிம்பை அடித்துப் பெயர்த்து, லீவர் போட்டு நெம்பித் திறக்கவேண்டும். இந்த வேலையில் இடுப்பு போனவர்கள் அந்தப் பக்கம் நிறைய.

டயருக்குள் முன்கூட்டியே ஊற்றிவைக்கும் திரவம் இங்கே வந்து சேர்ந்த வழி இதுதான். கடையில் அதற்குப் பஞ்சர் ஜெல் என்று பேர். வாளியைத் திறந்து குச்சியால் கலக்கிக் காட்டினார். குழகுழவென்று பச்சையாக இருந்தது. குச்சியைத் தூக்கினால் மெல்லிய நாரும் ரப்பர் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தன. தண்ணீரோடு கிளைக்கால் கலந்திருப்பதால் எளிதில் காய்வதில்லை. நல்ல வகைகளில் அராமிட் நார் போடுகிறார்கள்; குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுவதும் அந்த நார்தான். சக்கரம் சுற்றும்போது திரவம் டயரின் உள்முகத்தில் படலமாகப் பரவுகிறது. ஓட்டை விழுந்தால் வெளியே பாயும் காற்றே நாரையும் துணுக்கையும் அங்கே இழுத்துக்கொண்டு போகிறது. கண்மாய் மடையில் சருகும் குச்சியும் சேர்ந்து அடைத்துக்கொள்வது மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சிக்கி வழி அடைபடுகிறது. சைக்கிளுக்கு வரும் லேடெக்ஸ் வகை வேறு. அது உறைந்து அடைக்கும், சில மாதங்களில் காய்ந்தும் போகும். வயலிலும் கண்மாயிலும் மெதுவாக ஊரும் வண்டிக்கு, குறைந்த வேகத்திலும் வழிந்து அடியில் தேங்காமல் ஒட்டி நிற்கிற கெட்டியான வகைதான் வேண்டும்.

அன்று ஜெல் ஊற்ற வந்தது ஒரு ஜேசிபி, டியூப் இல்லாத பின் டயர். உடனே ஊற்றிவிடவில்லை. டயரை முழுக்கச் சுற்றிப் பார்த்தார், தேய்மானத்தை விரலால் அளந்தார், பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். வால்வு மேலே வரும்படி வண்டியை நகர்த்தச் சொன்னார். காற்றை இறக்கி, வால்வு பின்னைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாளியை மறுபடியும் அடிவரை கலக்கினார். நார் அடியில் தங்கிவிட்டால் மேலே இருக்கும் வெறும் தண்ணீர்தான் டயருக்குப் போகும். கைப்பம்பை வால்வில் மாட்டிப் பையன் அழுத்த, இவர் வாய்விட்டு எண்ணினார். டயரின் அகலமும் உயரமும் பார்த்து அளவு சொல்லும் அட்டை சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு அழுத்துகூடக் குறைக்கமாட்டார். பிறகு பின்னை மாட்டி, காற்றடித்து, "உடனே வேலைக்குப் போகாதப்பா, ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா" என்று டிரைவரை அனுப்பினார். ஓடினால்தான் உள்ளே பரவும்.

எங்கே ஊற்றக்கூடாது என்று தெரிந்திருப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய பாதி என்று எனக்குப் பட்டது. தரையில் படும் ஓடுமுகத்தில் ஆறு மில்லிமீட்டர் வரை விழுந்த ஓட்டையைச் சாதாரண ஜெல் அடைக்கும். பக்கச்சுவர் ஓட ஓட மடங்கி நிமிர்வதால் அங்கே அடைப்பு நிற்காது. வெட்டிவிட்ட கருவை மூட்டின் கூர்முனை சுவரைக் கிழித்தால் எந்த ஜெல்லும் உதவாது. டியூப் போட்ட டயரிலும் நம்பிக்கை குறைவுதான். டயருக்கும் டியூபுக்கும் நடுவே ஒடிந்த நுனி கிடந்து அறுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டை கீறலாக நீளும். பிறகு டிராக்டரின் பின் டயர். உழும்போது சக்கரம் வழுக்காமல் பிடிக்க, வால்வு வழியே முக்கால்வாசி தண்ணீர் ஏற்றிவைப்பது வழக்கம். அதில் ஜெல்லை ஊற்றினால் கரைந்து நீர்த்துப்போகும், ஓட்டைக்குப் போய்ச் சேரும் நார் ஒன்றும் மிஞ்சாது. "தண்ணி ஏத்துன டயருக்கு ஜெல் கேட்டு வந்தா, காச வீணாக்காதீங்கன்னு திருப்பி அனுப்பிருவேன்" என்றார். விற்றால் அவருக்கு லாபம், ஆனாலும் அனுப்பிவிடுகிறார். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் காருக்கும் அப்படியே. உள்ளே திரவம் சமமாக நிற்காவிட்டால் ஸ்டியரிங் உதறும்.

அவருடைய கோபமெல்லாம் மலிவு ஜெல்லின் மேல். துரு தடுக்கும் சரக்கு சேர்க்காத திரவம் ரிம்மை உள்ளிருந்தே தின்கிறது. அப்படிப்பட்ட ஒரு ரிம்மைத் தட்டிக் காட்டினார். செதில் செதிலாக உதிர்ந்தது. டயரைத் திறந்தால் வழுவழுப்பு போகச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவைக்காமல் ஒட்டு பிடிக்காது. அதற்கு யாரும் கூலி தருவதில்லை. இன்னொன்று எனக்குத் திக்கென்றது. சில வகைகளில் இருப்பது எத்திலீன் கிளைக்கால், ரேடியேட்டர் கூலன்ட்டில் போடுவது. இனிப்பாக இருக்கும், நக்கிய ஆட்டையும் நாயையும் கொன்றுவிடும். ஆடு மேயாத இடமில்லாத ஊரில் அதை வாய்க்காலில் கொட்டுகிறார்கள். அவர் கேனில் பிடித்து மூடி வைக்கிறார், துடைத்த துணியைக்கூட வெளியே போடுவதில்லை. இது விஷம் என்று கேன்களின் மேலேயே தமிழில் பெரிய எழுத்தில் அச்சடிக்கவேண்டும்.

பஞ்சர் குறைந்தால் கடைக்கு நஷ்டமில்லையா என்று கேட்டேன்.

"உச்சி வெயில்ல கண்மாய்க்குள்ள டயரப் பிரிக்கிற கூலி எனக்கு வேணாம் தம்பி. ஊத்துற கூலி போதும். இவன் இடுப்பாச்சும் மிஞ்சட்டும்" என்று பையனைக் காட்டினார்.

புரட்டாசியில் புழுதி விதைப்பு தொடங்கும். அதற்கு முன்னால் டிராக்டர்காரர்கள் ஜெல் கேட்டு வரத் தொடங்கிவிடுவார்கள். டியூப் போட்ட முன் டயரோடு வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: உழவுக்கு முந்தி வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள், டயரைப் பிரித்துத் துணி போட்டு முள் எடுத்துத் தருகிறேன்.