எத்தனை பேருக்கு?

காப்பி சரியாக அமையாத நாளில் நாம் முதலில் குறை காண்பது தூளை, அடுத்துப் பாலை, அதற்கும் அடுத்து, காப்பி போட்டவரை. அடுப்படி மூலையில் வாய்பேசாமல் நிற்கும் பில்டரை யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் வீட்டுக் காப்பியின் தலைவிதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தப் பாத்திரந்தான். தொழில் தெரிந்த பாத்திரக் கடைக்காரர், பில்டர் கேட்டு வருகிறவரிடம் விலையைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பார்: “எத்தனை பேருக்கு?” காப்பிக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் கலை முழுவதும் இந்த ஒரு வினாவுக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் பில்டரின் அமைப்பு மிக எளியது. ஒன்றன்மேல் ஒன்றாக அமரும் இரண்டு உருளைப் பாத்திரங்கள். மேல்பாத்திரத்தின் அடித்தட்டில் ஊசிமுனை போன்ற துளைகள். தூளின்மேல் வைப்பதற்கு, நடுவில் காம்புள்ள துளைத்தட்டு ஒன்று. பிறகு ஒரு மூடி. விசை இல்லை, மின்சாரம் இல்லை. கொதித்து அடங்கிய வெந்நீர் தன் எடையால் மட்டுமே தூளின் ஊடே இறங்குகிறது. அப்படி இறங்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் டிகாஷனின் தரம் இருக்கிறது. விரைந்து ஓடிவிட்டால் புளிப்பும் வெறுமையும். அளவு மீறித் தங்கிவிட்டால் கசப்பும் துவர்ப்பும்.

இங்கேதான் கடைக்காரரின் கேள்வி பொருள் பெறுகிறது. இருவருக்கான தூளைப் பத்துப் பேருக்கான பில்டரில் இட்டால், அகன்ற அடித்தட்டில் அது மெல்லிய படலமாகப் பரவிவிடுகிறது. வெந்நீர் அதைத் தொட்டும் தொடாமலும் கடந்து கீழே விழுகிறது. பத்துப் பேருக்கான தூளைச் சிறிய பில்டரில் திணித்தாலோ, நனைந்த தூள் ஊதிப் பெருகி, வெந்நீர் ஊற்ற இடமில்லாமல், சொட்டும் அடைத்துப்போகிறது. மேல்பாத்திரத்தில் தூள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிற்க வேண்டும். அதற்கு மிகவும் குறைந்தால் பாத்திரம் பெரிது. பாதியைத் தாண்டினால் சிறிது. ஆகவே பில்டர் வாங்குவது என்பது, வீட்டிலுள்ள தலைகளை எண்ணிப் பார்ப்பதேயாகும்.

காப்பி நம் வீடுகளுக்கு வந்து அப்படியொன்றும் நெடுங்காலம் ஆகிவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது தமிழ்க் குடும்பங்களுக்குள் நுழைந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் சுவைபட எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு அது என் பாட்டியின் காலத்தில் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் ஒன்பது பேர். அதற்கேற்ப முழ உயரத்தில் ஒரு பித்தளைப் பில்டர். அம்மா விடியற்காலைப் பூசைக்குப் புறப்படுமுன் வெந்நீரை ஊற்றி மூடிவிட்டுப் போவார்கள். நள்ளிரவுக்குப் பின் எதையும் உட்கொள்ளாமல் நற்கருணை வாங்கும் பழைய விதி 1950களிலேயே தளர்த்தப்பட்டுவிட்டது. ஆயினும் பாட்டி அதை விடவில்லை. பூசை முடிந்து அவர்கள் திரும்பி வருவதற்கும் கடைசிச் சொட்டு இறங்குவதற்கும் சரியாக இருக்கும். அவசரப்படுத்த முடியாத ஒரு கருவியை, அவசரமில்லாத ஒரு நேரத்தோடு பொருத்திவைத்த அறிவு அம்மாவுடையது.

பித்தளையா எவர்சில்வரா என்று இன்றும் கேட்கிறார்கள். பித்தளைப் பில்டரின் கனம், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவும், பார்வைக்கும் அழகு. ஆனால் உள்ளே பூசிய ஈயம் தேய்ந்தால் மீண்டும் பூச வேண்டும். பூசுகிற கைகள் இப்போது அருகிவிட்டன. அந்த வசதி இல்லாதவர்கள் சற்றுக் கனமான எவர்சில்வர் பில்டரை வாங்குவதே நலம். வாங்குமுன் மேல்பாத்திரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; துளைகள் ஒரே அளவாகவும், ஓரம்வரை சீராகவும் இருக்க வேண்டும். இரு பாத்திரங்களும் பொருந்தும் இடம் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. இறுகினால், கீழ்ப்பாத்திரத்திலுள்ள காற்று வெளியேற வழியின்றிச் சொட்டு நின்றுவிடும். அப்போது மேல்பாத்திரத்தைச் சற்றே தூக்கி வைத்தால் மீண்டும் இறங்கும். நாளடைவில் துளைகள் அடைபட்டால், மேல்பாத்திரத்தை மட்டும் அடுப்புத் தழலில் காட்டி, ஆறியபின் தட்டினால், எரிந்த தூள் உதிர்ந்துவிடும். பாட்டி காலத்து வைத்தியம் இது. இதைவிடச் சிறந்தது இன்னும் வரவில்லை.

என் திருமணத்துக்குப் பின் வந்த இரண்டாவது பில்டர் ஐந்து பேருக்கானது. அதனுடன் மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் இரும்பு அரைவை இயந்திரம் ஒன்றையும் என் மனைவி கொண்டுவந்தாள். கைப்பிடியைச் சுற்றுவது பிள்ளைகளின் முறை. அரைத்த தூளின் மணம் காற்றில் விரைவாகக் கரைந்துவிடும். கொட்டையாக இருக்கும்வரை அது உள்ளே பத்திரமாக இருக்கும். எனவே அரைவை இயந்திரம் உள்ள வீட்டில் காப்பி ஒரு படி உயர்ந்துதான் இருக்கும். ஆனால் மிக்சியை அதற்கு ஈடாக எண்ண வேண்டாம். அதன் கத்தி கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வரும். மாவு கசப்பைத் தரும். நொய் சாரத்தைத் தராது. பற்சக்கரங்களுக்கிடையில் நெரிபட்ட தூள்தான் ஒரே சீராக இருக்கும். அந்த இயந்திரம் இல்லாதவர்கள், கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் கடையில் நூறு நூறு கிராமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொண்டால் போதும். விலையுயர்ந்த கருவியைவிட அடிக்கடி கடைக்குப் போகும் வழக்கம் அதிகப் பயன் தரும்.

தூளைப் பற்றி ஒரு சொல். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர், காப்பியே அன்று. நிறத்தையும் கெட்டியையும் அது தரும். காப்பியின் மணத்தைத் தராது. காப்பி-சிக்கரிக் கலவை என்று விற்கப்படுவதில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது இந்தியச் சட்டம். அதாவது, ஏறத்தாழ பாதிவரை வேராகவே இருக்கலாம். பொட்டலத்தின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்த பிறகே பில்டரைக் குறை சொல்ல வேண்டும்.

அயல்நாட்டுக் கருவிகளும் இன்று நம் கடைத்தெருவில் கிடைக்கின்றன. அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. எதற்காகப் பிறந்தவை என்று அறிந்தால் போதும். 1908 இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி, ஒரு பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மையொற்றுத் தாளை அதில் விரித்துக் காப்பி வடித்தார். இன்றைய காகித வடிகட்டி அங்கிருந்து வந்தது. காப்பியிலுள்ள எண்ணெய்ப் பொருளைக் காகிதம் பிடித்துக்கொள்வதால், கொழுப்புச் சத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் அதில் இறங்குவது தெளிந்த, நீர்த்த காப்பி. பாலோடு சேர்ந்தால் காணாமல் போய்விடும். 1933 இல் இத்தாலியில் வந்த மோக்கா பாத்திரம், நீராவியின் அழுத்தத்தால் வெந்நீரைத் தூளின் ஊடே மேலே தள்ளுகிறது. பாலைத் தாங்கும் வலிமையில் நம் டிகாஷனுக்கு அதுவே பக்கத்து உறவு. எஸ்பிரெஸோ இயந்திரம் காற்றழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில், அரை நிமிடத்துக்குள் வேலையை முடிக்கிறது. அதற்கேற்ற விலையும் பராமரிப்பும் உண்டு. கறுப்புக் காப்பி அருந்தும் நாட்டாருக்கு அவர்கள் கருவி பொருந்தும். பாலும் டிகாஷனும் கூடுவதையே காப்பி என்று கருதும் நமக்கு நம் பில்டர் பொருந்தும்.

என் மனைவி இறைவனில் துயில்கொண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள். நான் ஒருவனாக அடுப்பைப் பற்றவைப்பதை எண்ணிக் கவலைப்பட்ட மகள், சிமிழ் போட்டுப் பொத்தானை அழுத்தும் இயந்திரம் ஒன்றை வாங்கி அனுப்பினாள். “அப்பா, ஒரு சிமிழுக்கு ஒரு கோப்பை. அளக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம்” என்றாள். அவள் அன்பிலும் குறையில்லை, இயந்திரத்திலும் குறையில்லை. அவளும் பேரப்பிள்ளைகளும் வரும் நாட்களில் அது உழைக்கிறது. ஆனால் அந்த இயந்திரம், கடைக்காரரின் கேள்வியைக் கேட்பதே இல்லை. அதற்கு எப்போதும் ஒரே ஆள்தான். பத்துப் பேர் வந்தாலும் அது பத்து முறை ஒருவருக்குக் காப்பி தரும். ஒரு முறையாவது பத்துப் பேருக்குத் தராது.

ஐவருக்கான பில்டரில் ஒருவருக்கான தூள் படலமாய்ப் பரவியது. நீர்த்த டிகாஷனைச் சில வாரங்கள் குடித்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனேன். “எத்தனை பேருக்கு ஐயா?” என்றார் கடைக்காரர். விரல் நீளப் பில்டர் ஒன்று, ஒருவருக்கானது, கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். அத்தனை சிறிய பாத்திரத்தில் வெந்நீர் இறங்கி முடிவதற்குள் ஆறிவிடும். ஆறிய நீர் தூளின் சாரத்தை முழுதும் வாங்காது. “இரண்டு பேருக்கு” என்றேன். இருவருக்கான பில்டரில் இருவருக்குத்தான் போட முடியும். எனவே மறுநாள் காலையிலிருந்து என்னிடம் ஒரு டம்ளர் காப்பி கூடுதலாக இருந்தது.

டம்ளரைப் பற்றிச் சொல்லாமல் காப்பிக் கருவிகளின் கணக்கு முடியாது. விளிம்பு மடிந்த டம்ளர், அதைத் தாங்கும் டபரா. இரண்டுக்கும் இடையே உயர்த்தி ஆற்றினால் சூடு தணிகிறது, சர்க்கரை கலக்கிறது, நுரை எழுகிறது. உதட்டில் படாமல் அருந்தவும் அந்த விளிம்பு உதவும். ஆனால் யார் உதடு எதில் படலாம் என்ற கணக்கு, நம் நாட்டில் காப்பியோடு கூடவே வளர்ந்தது. 1957 இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகப் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் இயக்கத்தார் போராட வேண்டியிருந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். எங்கள் வீட்டிலும் பாட்டியின் காலத்தில், திண்ணை மாடத்தில் ஓர் அலுமினியக் குவளை தனியே கவிழ்ந்து கிடந்தது. ஞாயிறு தவறாமல் ஒரே பந்தியில் நற்கருணை வாங்கியவர்களுக்குத்தான் அந்தக் குவளையும். அம்மா ஒரு நாள் ஒரே அச்சில் வார்த்த பன்னிரண்டு டம்ளர்களை வாங்கிவந்தார்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கமிருந்தும், அவற்றில் எழுத்தோ குறியோ வெட்ட ஒப்பவில்லை. எது யாருடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. மாடத்துக் குவளை எப்போது மறைந்ததென்று நாங்கள் கவனிக்கவுமில்லை. நான் அறிந்தவரையில் எங்கள் வீட்டில் மிகச் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காப்பிக் கருவி அந்தப் பன்னிரண்டு டம்ளர்கள்தாம். அவற்றில் நான்கு இன்னும் என்னிடம் இருக்கின்றன.

காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவைக் கூட்டும் அம்மையார் ஒருவர் வருகிறார். கூடுதல் டம்ளர் அவருக்கானது. முதல் நாள் அவர் வாசற்படியில் தயங்கி நின்றார். கையிலிருந்த பிளாஸ்டிக் புட்டியைத் திறந்து நீட்டி, “இதுல ஊத்திடுங்கய்யா” என்றார். “ஆறிப் போயிடும்மா, டபராவிலேயே குடிங்க” என்றேன். அவர் குடித்தார், நானும் குடித்தேன். இரண்டு வாரம் சென்றபின் ஒரு காலையில், டம்ளரைத் திருப்பித் தந்தவாறே, “இன்னிக்குத் தூள் குறைச்சலாய்யா?” என்று கேட்டார். உண்மைதான், டப்பாவில் அவ்வளவுதான் இருந்தது. அன்றிலிருந்து தூள் 20 கிராமுக்குக் குறைவதில்லை. வெந்நீர் 120 மில்லிக்கு மிகுவதில்லை. மேல்பாத்திரத்தை முதலில் வெந்நீரில் அலசிச் சூடேற்றிக்கொள்கிறேன். நானொருவனே குடித்திருந்தால் இத்தனை கவனம் வந்திருக்குமா என்பது ஐயமே.

எனவே பில்டர் வாங்கப் போகிறவர்களுக்கு என் ஆலோசனை சுருக்கமானது. துளைகளைப் பாருங்கள், கனத்தைப் பாருங்கள், பொருத்தத்தைப் பாருங்கள். கடைக்காரர் கேட்பதற்கு முன்பே, வீட்டிலுள்ளவர்களை எண்ணிக்கொண்டு போங்கள். எண்ணி முடித்ததும், வாசலில் வந்து போகிறவர்களில் யாரையாவது விட்டுவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதற்குத் தக்க அளவில் வாங்குங்கள். டம்ளர்களை மட்டும் ஒரே அச்சில் வாங்குங்கள்.