பக்கத்தில் அமர்ந்தவர்கள்

பிழைப்பை நாடிப் பெங்களூரில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால் அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் சில உண்டு. லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா, அல்சூர் ஏரி என்று அவ்வரிசை நீளும். அவற்றோடு இன்னுமோர் இடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் விருப்பம். மல்லேசுவரத்தை அடுத்த வையாலிக்காவல் பகுதியில், காயத்ரி தேவி பூங்காவை ஒட்டி, சௌடையா நினைவு மண்டபம் என்னும் இசையரங்கம் ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறையேனும் குழந்தைகளோடு சென்று காண வேண்டும்.

அந்த அரங்கம் வயலின் வடிவில் கட்டப்பட்டது. வயலினின் உடலும் கழுத்தும், குதிரையும் பிருடைகளும், தந்திகளும் வில்லும் கட்டடத்தில் காட்டப்பட்டிருக்கின்றன. சற்று நின்று நோக்குவோர், தந்திகள் நான்கல்ல, ஏழு என்பதைக் காண்பர். கே. கே. மூர்த்தி என்னும் அன்பரின் பெருமுயற்சியால் எழுந்து, 1980இல் திறக்கப்பட்ட இவ்வரங்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து கச்சேரி கேட்கலாம்.

இவ்வளவு பெரிய நினைவுச் சின்னம் எவருக்கு எழுந்தது என்று குழந்தைகள் வினவக்கூடும். மைசூரை அடுத்த திருமக்கூடல் நரசிபுரத்தில் 1895இல் பிறந்து, பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் குருகுலவாசம் செய்து, 1967இல் மறைந்த வித்வான் டி. சௌடையா அவர்களுக்கு என்று விடை கூறலாம். அவர் தனியாகவும் வாசித்தவர். ஆயினும் தென்னாடு முழுவதும் அவர் பெயர் பரவியது பக்கவாத்தியக்காரர் என்ற முறையிலேயேயாம். செம்பை வைத்தியநாத பாகவதர் பாட, சௌடையா வயலின் வாசிக்க, பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரிகளைப் பற்றி இன்றும் பெரியவர்கள் பேசுவதுண்டு.

ஏழு தந்திகளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. சௌடையா புகழ்பெறத் தொடங்கிய நாளில் மேடையில் ஒலிபெருக்கி இல்லை. பாகவதர்களின் கணீரென்ற குரல் கடைசி வரிசை வரை சென்றது. நான்கு தந்தி வயலினின் நாதமோ பாதி வழியில் நின்றுவிட்டது. பாட்டுக்குத் துணை நிற்க வந்தவர் தம் குரல் கேளாமற்போனால் அந்தத் துணையால் பயன் என்ன? எனவே நான்கோடு மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து நாதத்தைப் பெருக்கிக்கொண்டார். பாடகரை அமிழ்த்துவதற்காகச் செய்த ஏற்பாடன்று அது. பாடகரோடு ஒத்து நிற்பதற்காகச் செய்தது. 1957இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது.

அரசர்க்கும் தலைவர்க்கும் மண்டபம் எழுப்புவது உலக வழக்கம். பக்கத்தில் அமர்ந்து பிறர் பாட்டைத் தாங்கிய ஒருவரின் வாத்தியத்தையே மண்டபமாக எழுப்பியது இந்நகரின் பெருமை. அதனாலேயே, பக்கவாத்தியத்தைப் பற்றிச் சிந்திப்பதற்குப் பெங்களூரைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இல்லை என்று நாம் கருதுகிறோம்.

பக்கவாத்தியத்தின் தொழில்தான் என்ன? மேடையை நோக்கினால் நடுவே பாடகர் இருப்பார். அவருக்கு இடப்புறம் வயலின், வலப்புறம் மிருதங்கம். கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் இருந்தால் பெரும்பாலும் ஒருபடி பின்தள்ளி அமரும். அவற்றுக்கு உபபக்கவாத்தியம் என்றே பெயர். பாடகர் இன்று என்ன பாடப் போகிறார் என்பது பல சமயம் இவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஒத்திகையும் இருப்பதில்லை. பாடகர் ராகத்தைத் தொட்டவுடன் வயலின்காரர் நிழல்போல் தொடர வேண்டும். பாடகர் நிறுத்தும்போது அந்த ராகத்தைத் தம் கற்பனையால் வளர்க்க வேண்டும். ஆயினும் பாடகர் வகுத்த எல்லையை மீறலாகாது. மிருதங்கக்காரர் சாகித்தியத்தின் நடையை அறிந்து, சொல் நிற்கும் இடத்தில் தாமும் நின்று, சொல் ஓடும் இடத்தில் தாமும் ஓட வேண்டும். எங்கே வாசிக்க வேண்டும் என்பதைவிட எங்கே வாசிக்கக் கூடாது என்று அறிவதே இக்கலையில் கடினமான பகுதி. தமக்கு இருக்கும் வித்தையில் பெரும்பங்கைக் கைக்குள் அடக்கி வைத்துக்கொண்டு, பிறர் வித்தை ஒளிரும்படி செய்வது சாமானியமான காரியமன்று.

இதனைக் கண்கூடாகக் காண, சாமராஜப்பேட்டையில் ஸ்ரீ ராமசேவா மண்டலி நடத்தும் ராமநவமி இசைவிழாவுக்குச் செல்லலாம். எஸ். வி. நாராயணசுவாமி ராவ் 1939இல் தொடங்கிய இவ்விழா, கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலால் புகழ்பெற்றது. மைசூர் வித்வான்களும் தமிழ்நாட்டு வித்வான்களும் அங்கே அடுத்தடுத்த நாட்களில் மேடையேறுவார்கள். கன்னடத்தார் தாசர் பதத்தைக் கேட்டு உருகும் பந்தலிலேயே தமிழர் தமிழ்ப் பாட்டைக் கேட்டு மகிழ்வர். வேற்றுமொழிப் பாட்டுக்கு மிருதங்கம் வாசிக்கும் தமிழரையும், தமிழ்ப் பாட்டுக்கு வயலின் வாசிக்கும் கன்னடத்தாரையும் ஒரே மேடையில் காணலாம். பிறர் மொழியை மதித்து, அதன் நடையறிந்து துணை நிற்பதற்கு நம்போல் வெளியூரில் வாழ்வோருக்கு இதனினும் நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும்?

இந்த இலக்கணம் கடல் கடந்தும் சென்றிருக்கிறது. ஜான் மெக்லாக்லின் என்னும் ஆங்கிலேயக் கித்தார் மேதையைப் பற்றி நம் இளைஞர்கள் அறிந்திருப்பார்கள். 1942இல் பிறந்த அவர், மின்சாரக் கித்தாரில் மின்னல் வேகத்தில் வாசித்துப் புகழின் உச்சியில் இருந்த காலத்திலேயே, அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பின்னர்ப் பேரொலியை விட்டு, மின்சாரம் இல்லாத கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, நம் நாட்டுக் கலைஞர்களோடு தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். அக்குழுவுக்கு 'சக்தி' என்று பெயர் சூட்டப்பட்டது. நம் கமகங்கள் பேச வேண்டும் என்பதற்காக, மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்தெடுத்த தனிக் கித்தார் ஒன்றையும் அவர் செய்வித்துக்கொண்டார். தந்தியை ஆழ அழுத்தி இழுக்க அது இடம் தந்தது.

அவரோடு அமர்ந்தவர்கள் யார்? யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணனின் புதல்வர் எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். 1975இல் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் இவர்கள் நிகழ்த்திய கச்சேரி அடுத்த ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. அதனைக் கேட்போர் முதலில் கித்தாரின் வேகத்தில் மயங்குவர். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் அந்த வேகத்துக்கு அடியில் ஒரு தரை இருப்பது தெரியவரும். அத்தரையைக் கட்டியவை கடமும் தபேலாவும் மிருதங்கமுமே. கித்தார் எவ்வளவு தொலைவு தாவிச் சென்றாலும் திரும்பி வந்து கால் ஊன்றும் இடத்தை அவை தவறாமல் காத்து நின்றன.

இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. விநாயக்ராம் 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர். நம் மேடையில் கடத்துக்கு உரியது உபபக்கவாத்திய வரிசை. 'சக்தி' மேடையிலோ அதே மண்குடம் கித்தாரோடும் வயலினோடும் ஒரே வரிசையில் அமர்ந்தது. தன் முறை வந்தபோது தனக்கென்று நேரம் பெற்றது. கித்தார் மேதை தம் வாத்தியத்தை மடியில் கிடத்திவிட்டு, குடத்தின் பேச்சைச் செவிமடுத்துத் தலையசைத்தார். முதன்மையாய் இருப்பவர் கேட்கத் தெரிந்தவராய் இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் வித்தையும் வெளிப்படும். மேதையின் பெருமையும் அதனால் குறைவதில்லை.

இக்குழு தன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2023 ஜனவரியில் பெங்களூரில் வந்து வாசித்தது. அப்போது மெக்லாக்லினுக்கு வயது எண்பத்தொன்று. ஜாகிர் உசேனோடு பாடகர் சங்கர் மகாதேவனும், வயலின் வித்வான் கணேஷ் ராஜகோபாலனும், விநாயக்ராமின் புதல்வர் செல்வகணேஷும் உடன் அமர்ந்தார்கள். தந்தை கடம் வாசித்த குழுவில் மகன் கஞ்சிரா வாசித்தார். அடுத்த ஆண்டு அவர்களுடைய இசைத்தொகுப்பு ஒன்றுக்குக் கிராமி விருது கிடைத்தது. அதே 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார்.

கடத்தைப் பற்றிப் பேசுகையில், நம்போல் இந்நகருக்கு வந்து குடியேறிய தமிழ்ப் பெண்மணி ஒருவரைக் குறிப்பிடாமல் இருத்தல் முறையன்று. அவர் மாயவரத்தில் பிறந்த வித்வாம்சினி சுகன்யா ராம்கோபால். சென்னையில் விநாயக்ராமின் தந்தை டி. ஆர். ஹரிஹர சர்மா நடத்திய தாளவாத்தியப் பள்ளியில் கற்று, விநாயக்ராமின் சிஷ்யையாகி, பெண்கள் எவரும் தொடாதிருந்த கடத்தைக் கையில் எடுத்தவர். கடம் கடினமான வாத்தியம். கெட்டியான மண்ணில் செய்து சுட்ட குடத்தை வயிற்றோடு அணைத்து, விரலாலும் உள்ளங்கையாலும் நகத்தாலும் தட்ட வேண்டும். கை சிவந்து காய்த்துப்போகும். மானாமதுரைக் குடம் கனத்தது; நாதமும் கனத்தது. மிருதங்கத்தைப் போல் அதை விருப்பம்போல் சுருதி கூட்டவும் இயலாது. பாடகரின் சுருதிக்கு இசைந்த குடத்தைத் தேடி எடுத்துச் செல்ல வேண்டும்.

பெண் ஒருத்தி உடன் அமர்ந்து கடம் வாசிப்பதா என்று மறுத்தவர்களும் உண்டு என்பதை அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். அவர் சோர்ந்துவிடவில்லை. பெங்களூரில் இருந்துகொண்டே வாசித்தார், கற்பித்தார், 1995இல் பெண் கலைஞர்களைக் கொண்டே 'ஸ்த்ரீ தால தரங்கம்' என்னும் குழுவை அமைத்தார். வெவ்வேறு சுருதியுள்ள குடங்களை வரிசையாக வைத்து, தாளத்தோடு ராகத்தையும் அவற்றில் எழுப்பும் 'கடதரங்க'மும் அவர் வளர்த்ததே. பின்னாளில் சங்கீத நாடக அகாடமி விருதும் அவரைத் தேடி வந்தது. ஒரு மூலையில் இருந்த குடம் ஒரு பெண்ணின் உறுதியால் மேடையின் நடுவே வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வளவு இருந்தும், கச்சேரிகளில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. முக்கியமான கீர்த்தனை முடிந்து, மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விட்டவுடன் அவையில் பாதிப்பேர் எழுந்துவிடுகிறார்கள். காபி அருந்துவதற்கும், கை கால் அலம்புவதற்கும், வெளியே நின்று ஊர்க்கதை பேசுவதற்கும் அதுவே நேரம் என்று ஆகிவிட்டது. இரண்டு மணி நேரம் பிறருக்காக வாசித்த ஒருவர் தமக்கென்று பெறும் கால்மணி நேரம் அது. காலி நாற்காலிகளை நோக்கி அவர் வாசிக்க நேர்கிறது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்க வித்வான் ஒருவருக்கு முதன்முறையாகக் கிடைத்தது 1966இல்தான். அவர் பாலக்காடு மணி ஐயர். விருது தருவோர் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள் என்றால், எழுந்து போகும் அவையை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், இன்று மிருதங்கம் கற்கும் சிறுவன் இக்காட்சியைக் கண்டு என்ன நினைப்பான்? நாளை அவன் அவ்வாத்தியத்தை உறையிலிட்டுப் பரண்மேல் வைத்துவிட்டால், பாட்டு மட்டும் எதன்மேல் நிற்கும்?

எனவே நம் சங்க அன்பர்களிடம் சில வேண்டுகோள்கள். கச்சேரிக்குச் செல்லும்போது குழந்தைகளைத் தாளம் போடப் பழக்குங்கள். தனி ஆவர்த்தனத்தில் முதலில் மிருதங்கம் நிதானமாகத் தன் கருத்தை விரிக்கும். பின் கடமோ கஞ்சிராவோ மறுமொழி கூறும். பிறகு இருவரும் ஒருவர்க்கொருவர் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இணைந்து மோராவும் கோர்வையும் வாசித்து, பாட்டு எடுத்த இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கையில் தாளத்தோடு அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் குழந்தை எழுந்து போகாது.

நம் பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் அழைப்பிதழ் அச்சிடும்போது, பாடகர் பெயரை எந்த அளவு எழுத்தில் அச்சிடுகிறோமோ அதே அளவு எழுத்தில் வயலின், மிருதங்கம், கடம் வாசிப்போர் பெயர்களையும் அச்சிடுவோம். நேரம் போதவில்லை என்று தனி ஆவர்த்தனத்தைச் சுருக்கச் சொல்லாமல், வேண்டுமானால் நம் சொற்பொழிவுகளைச் சுருக்கிக்கொள்வோம். சன்மானம் தரும்போதும், பொன்னாடை போர்த்தும்போதும் பின்வரிசையில் இருப்பவரை மறவாதிருப்போம். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. சிறிது கருத்து இருந்தால் போதும். வரும் ராமநவமிப் பந்தலில் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது, நம் குடும்பங்கள் அமர்ந்திருக்கும் வரிசைகளில் ஒரு நாற்காலியும் காலியாக இருத்தலாகாது.