படி எடுத்தால் மட்டும் போதாது



பத்து நாளாக சார் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று மூன்று பேர் போன் செய்து கேட்டுவிட்டீர்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கணினிக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போயிற்று. அந்தக் கதையைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வீட்டில் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் உதவும்.

என் லேப்டாப்பை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற வருடம் வாங்கியது. பசியாவரத்து உப்புக்காற்றில் அதன் திருகாணிகூடத் துருப்பிடித்துவிட்டது. உள்ளே 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் முழுதாகத் திறந்திருக்காது. அது போகட்டும் என்று விட்டிருந்தேன். போன மாதம் உள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஹார்டு டிஸ்க்கின் உள்ளே தட்டு சுற்றுகிறது, அதன்மேல் ஒரு முள் நகர்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் டிஸ்க் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். உங்கள் வகுப்புப் படங்கள் எல்லாம் ஸ்கேன் செய்து அதில்தான் இருந்தன. அதைவிட முக்கியம், பழவேற்காட்டு ஏரிக்கரைப் பெரியவர்களின் ஒலிப்பதிவுகள். ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்று தலைக்கட்டு வாரியாக முறை வைக்கும் 'பாடு' பற்றி அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்தவை. பேசியவர்களில் நாலு பேர் இன்று இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தக் குரல்கள் இந்த ஒரு டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லை. முதல் தப்பு என்னுடையது, அதுதான்.

என் தம்பி மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது ஒரு புது எஸ்.எஸ்.டி., அதை யூ.எஸ்.பி.யில் மாட்டும் ஒயர், விண்டோஸ் போட்ட ஒரு பென் டிரைவ் மூன்றையும் கொடுத்தான். "பழசை அப்படியே இதுல குளோன் எடுத்துடுங்க பெரியப்பா. எடுத்துட்டு டிஸ்க்கை மாத்தி மாட்டுங்க. ஒண்ணுமே மாறியிருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

குளோன் எடுப்பது என்றால் படங்களையும் கோப்புகளையும் மட்டும் நகல் எடுப்பது இல்லை. விண்டோஸ், அதன் அமைப்புகள், பிரிவுகள் என்று டிஸ்க்கை முழுதாகப் படி எடுப்பது. இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டேன். திரையில் பழைய டிஸ்க் நாலு கட்டமாகத் தெரிந்தது. ஒன்று பெரியது, அதுதான் சி டிரைவ். மற்ற மூன்றும் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒன்றில் வெறும் 100 எம்.பி. என்று போட்டிருந்தது. இதில் என்ன பெரிதாக இருக்கப் போகிறது என்று பெரியதை மட்டும் டிக் செய்தேன். மூன்று மணி நேரம் ஓடியது. கடைசியில் வெற்றிகரமாக முடிந்தது என்று செய்தி வந்தது. மகிழ்ச்சியோடு டிஸ்க்கை மாற்றி மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு வெள்ளை வரி. தொடங்குவதற்கு ஏற்ற டிஸ்க் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது.

கை நடுங்கிவிட்டது. தம்பி மகனுக்குப் போன் போட்டேன். "பரவால்ல பெரியப்பா, அந்தப் பென் டிரைவைச் சொருகிப் புதுசா விண்டோஸ் போட்டுடுங்க. பழைய டிஸ்க்கை அழிச்சு எனக்குக் குடுங்க, டிவியில மாட்டிக்கிறேன்" என்றான். (கோபித்துக்கொள்ளாதே ராஜா, நீ நல்லதற்குத்தான் சொன்னாய்.)

சொருகினேன். திரையின் நடுவில் 'இன்ஸ்டால்' என்று பெரிய பொத்தான். அமுக்கப் போகும்போதுதான், பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் நம் மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்போது இரவு ஒன்பது மணி. வீடியோ காலில் கூப்பிட்டேன்.

நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "சார், பழைய டிஸ்க் எங்க?"

"மேஜை மேல இருக்கும்மா."

"எழுந்து போய் அதை பீரோல வெச்சுப் பூட்டுங்க. அப்புறம் பேசலாம்."

பூட்டிவிட்டு வந்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தாள். முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போகச் சொன்னாள். புது டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிந்தது. "தெரியலைன்னா சரியா மாட்டலைன்னு அர்த்தம். தெரியுது. அப்போ டிஸ்க் நல்லா இருக்கு" என்றாள். அடுத்து, கணினி எந்த முறையில் தொடங்குகிறது என்று பார்த்தோம். பழைய முறைக்கு லெகசி என்று பெயர், புதியதற்கு யூ.ஈ.எஃப்.ஐ. டிஸ்க்கைப் பிரித்திருக்கும் விதத்திலும் பழையது எம்.பி.ஆர்., புதியது ஜி.பி.டி. என்று இரண்டு உண்டு. பழையது பழையதோடும் புதியது புதியதோடும் சேர வேண்டும். மாறிப் போனாலும் இதே கறுப்புத் திரைதான் வருமாம். என்னுடையதில் இரண்டுமே புதியவை. அதுவும் சரி.

"சார், குளோன் எடுக்கும்போது சின்னக் கட்டமெல்லாம் இருந்துதே, டிக் பண்ணீங்களா?"

"இல்லம்மா. அதுல என்ன இருக்கப் போவுதுன்னு விட்டுட்டேன்."

சிரித்தாள். பிறகு விளக்கினாள். கரண்ட் வந்த நொடியில் கணினிக்கு விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த 100 எம்.பி. கட்டத்தைத் தேடி, அதிலிருக்கும் சிறிய நிரலைப் படிக்கும். அந்த நிரல்தான் விண்டோஸ் இருக்கும் இடத்தைக் காட்டி எழுப்பிவிடும். அது இல்லாவிட்டால் 500 ஜி.பி.யும் பத்திரமாக உள்ளே இருந்தாலும் கணினிக்கு வழி தெரியாது.

"நம்ம முகத்துவாரம் மாதிரி சார்" என்றாள்.

அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கடல் நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. அதைத் தூர்வாரச் சொல்லி நம் ஊர்க்காரர்கள் எத்தனை முறை மனு கொடுத்திருக்கிறார்கள்! யாராவது ஏரியை மூடிவிட்டுப் புது ஏரி வெட்டலாம் என்றார்களா? நான் அதைத்தான் செய்யப் பார்த்தேன். அந்த இன்ஸ்டால் பொத்தானை அமுக்கி, கேட்பதற்கெல்லாம் சரி சரி என்று தட்டியிருந்தால் புது டிஸ்க்கில் இருந்தது அத்தனையும் அழிந்திருக்கும். அடுத்து, தம்பி மகன் கேட்டபடி பழையதையும் அழித்திருப்பேன்.

இன்ஸ்டால் பக்கத்திலேயே ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் ஒரு கறுப்புச் சன்னல் திறக்கும். அதில் அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல நான் தட்டினேன். 'டிஸ்க்பார்ட்' என்ற கருவியைத் திறந்து 'லிஸ்ட் வால்யூம்' கேட்டோம். இங்கே ஒரு சூட்சுமம். நாம் வழக்கமாக சி என்று அழைப்பது அங்கே சி ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என்னுடையதில் டி என்று காட்டியது. அளவைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மேலே போகச் சொன்னாள். விண்டோஸ் பகுதியின் ஓரத்தைக் கொஞ்சம் சுருக்கி, அந்த இடத்தில் 100 எம்.பி.க்கு ஈ.எஃப்.ஐ. பிரிவு ஒன்றை உண்டாக்கி, அதை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து எஸ் என்று பெயர் கொடுத்தோம். கடைசியாக 'பிசிடிபூட்' என்ற கட்டளை. விண்டோஸ் இந்த இடத்தில் இருக்கிறது, அதைத் தொடங்கும் கோப்புகளை எஸ்ஸில் எழுது என்று அதற்கு அர்த்தம். ஒரே வரியில், எழுதி முடித்தேன் என்று பதில் வந்தது.

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். அரை நிமிடத்தில் என் பழைய திரை அப்படியே வந்து நின்றது. வகுப்புப் படங்களைக்கூடப் பார்க்கவில்லை, நேரே ஒலிப்பதிவுகளுக்குத்தான் போனேன். ஒரு பெரியவரின் இருமலும் அதன் பிறகு அவர் குரலும் கேட்டது. போனில் அவளும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர் தாத்தா முறை.

போனை வைக்கும் முன் கேட்டாள், "சார், கணக்குப் போட்டு முடிச்சதும் விடையைச் சரிபார்த்தியான்னு எங்களைக் கேப்பீங்களே. நீங்க பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று இயந்திரம் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன்.

ஆகவே பிள்ளைகளே, குளோன் எடுப்பதற்கு முன்பே முக்கியமானவற்றைத் தனியாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். எடுக்கும்போது சின்னக் கட்டம் உட்பட முழு டிஸ்க்கையும் எடுங்கள். முதல் தடவை தொடங்கும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், இரண்டும் சேர்ந்திருந்தால் கணினி குழம்பும். புதியது தன் காலில் ஒரு மாதமாவது நிற்கும்வரை பழையதை அழிக்காதீர்கள்.

ஒலிப்பதிவுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. அந்தந்தக் குடும்பத்துக்கும் அவரவர் தாத்தா பேசியதைப் பென் டிரைவில் போட்டுத் தரப் போகிறேன். வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. தம்பி மகனே, டிவிக்கு வேறு வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்
பசியாவரம்