மேட்டூரில் நந்தி தெரிந்தால் டெல்டாவுக்குக் கவலை!

மேட்டூர் என்றதும் அணைப் பூங்காவும் சுடச்சுட மீன் வறுவலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சேலத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தூரம்தான். வயிற்றைக் கவனித்துவிட்டு, அணையையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

காவிரியின் குறுக்கே 5,300 அடி நீளத்துக்கு நிற்கும் இந்தக் கல் அணையின் வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பெயரைத்தான் நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

அணை மின்நிலையத்தில் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையத்தில் 200 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கலாம். ஆனால், கரன்டுக்காக மட்டும் இங்கே தண்ணீர் திறப்பதில்லை. பாசனத்துக்கும் குடிநீருக்கும் போகிற தண்ணீர்தான், போகிற போக்கில் டர்பைனையும் சுற்றிவிட்டுப் போகிறது. வயலுக்குத் தண்ணீர் குறைந்தால் மின்சாரமும் குறையும்.

அணை கட்டியபோது பல கிராமங்கள் நீருக்குள் போயின. ஊரைக் காலி செய்தவர்கள் கோயிலைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? கொளத்தூர் அருகே பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் இன்னும் தண்ணீருக்குள் இருக்கின்றன. நீர்மட்டம் இறங்க இறங்க முதலில் கோபுரம் தலைகாட்டும். சுமார் 70 அடிக்கு வந்தால் நந்தியும் தெரியும்.

உடனே கூட்டம் கூடும், செல்ஃபிகள் பறக்கும். ஆனால், கோடையில் நந்தியின் முதுகு காய்கிறது என்றால், ஜூன் 12-ல் குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று தஞ்சை, திருவாரூர், நாகை விவசாயிகளுக்குத் தூக்கம் போய்விடும்.

எனவே, நந்தியைப் பார்க்காமல் திரும்பினால் வருத்தப்படாதீர்கள் மக்களே. அணையில் தண்ணீர் இருக்கிறது!