வேலை இல்லாமல் கழுவேலிக்குப் போவோம்

மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து பதினோரு பேர் கிளம்பினோம். கல்லூரி மாணவர்கள் ஆறு பேர், வேலைக்குப் போகிற தோழர்கள் நான்கு பேர், எங்களோடு ஒரு ஆயா. தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த ஒரு அக்கா கேட்டார்:

"காலங்காத்தால எங்கப்பா கூட்டமா?"

"சதுப்பு நிலத்துக்குக்கா. பறவை பாக்க."

"அங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல. சும்மா நடந்துட்டு வரலாம்னு."

"வேலை இல்லாம அங்க எதுக்குப் போவாங்க?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எங்களுக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் நடந்தோம்.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. ஏரிக்கும் காட்டுக்கும் நம் வீட்டார் போகாமலா இருந்தார்கள்? கோரை அறுக்கப் போனார்கள். சுள்ளி பொறுக்க, மாடு மேய்க்க, நண்டு பிடிக்கப் போனார்கள். ஊருக்கே தண்ணீர் பாய்ச்சப் போனார்கள். தமிழகத்தின் பல ஊர்களில் ஏரி மடையைத் திறந்து, வயலுக்கு வயல் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்த நீர்க்கட்டிகள் பெரும்பாலும் சேரி மக்களே. கரை உடைந்தால் நடுராத்திரியில் ஓடியவர்களும் அவர்களே. ஆனால் அதே ஊரின் குளத்தில் இறங்கிக் குளிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. தண்ணீரைப் பற்றிய வேலை நமக்கு, தண்ணீரை அனுபவிக்கிற சுகம் வேறு யாருக்கோ. அக்காவின் கேள்வி இந்த வரலாற்றிலிருந்து வருகிறது. வேலை இல்லாமல் தண்ணீர்க் கரையில் நிற்க நம்மை யாரும் விட்டதில்லை.

நாங்கள் போன இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பழைய ஆட்கள் கழுவேலி என்பார்கள். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலுக்குப் போகிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரவியிருந்த நிலம். பதிவேடுகளில் வெறும் தரிசு, புறம்போக்கு என்று எழுதப்பட்டதால் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022-இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 'புறம்போக்கு' என்ற சொல் நிலத்துக்கு மட்டுமா வழங்கியது? நம்மையும் அப்படித்தானே திட்டினார்கள்!

சோழிங்கநல்லூர் - மேடவாக்கம் சாலையோரமாக, பெரும்பாக்கம் ஈரநிலத்தை ஒட்டி நடந்தோம். ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. முட்டிவலி உள்ள ஆயாவே நடந்தார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர், அதுவும் இரவல். பறவைகளின் பெயர்களைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தோம். எல்லாம் ஆங்கிலத்தில் வந்தது. வாயில் நுழையாத பெயர்களோடு நாங்கள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு ஆயா சொன்னார்:

"பேரு அப்புறம் தேடலாம். தண்ணி எவ்ளோ ஆழம்னு பாருங்க. கொக்கு காலப் பாத்தா தெரியாதா?"

அவருடைய அப்பா மதுராந்தகம் பக்கத்தில் ஒரு சிற்றேரியின் நீர்க்கட்டி. இத்தனை நாள் பழகியும் அது எங்களுக்குத் தெரியாது, நாங்களும் கேட்டதில்லை. அன்று அவர்தான் எங்கள் ஆசிரியர். நெடுங்கால் உள்ளான் நிற்கிற இடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு. பூநாரை நிற்கிற இடம் அதைவிட ஆழம். நாமக்கோழி முங்கி எழுகிற இடத்தில் நாம் இறங்கக் கூடாது. நீலத் தாழைக்கோழி நடப்பது தரையில்லை, சம்பு மடிந்து கிடக்கும் மெத்தை. இலைக்கோழியின் விரல்கள் அவ்வளவு நீளமாக இருப்பதால்தான் மிதக்கும் இலைமேல் அதனால் நடக்க முடிகிறது. ஒரு மணி நேரத்தில் பறவைகளை வைத்தே அந்த நீரின் வரைபடத்தைப் போட்டுவிட்டோம். நீர்க்கட்டியின் மகள் சொல்லச் சொல்ல ஒரு பொறியியல் மாணவி குறிப்பெடுத்தாள்.

திரும்பும்போது பேச்சு பெருங்குடி குப்பைக் கிடங்குக்குப் போனது. அதுவும் இதே சதுப்பு நிலத்தில்தான் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. அதில் இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிழைத்தவர்களில் எங்களோடு வந்த ஒரு தம்பியின் அம்மாவும் உண்டு. "எங்க அம்மா அங்க பூநாரையப் பத்திச் சொன்னதே இல்ல. நாத்தத்தப் பத்தி மட்டும்தான் சொல்லும்" என்றான் அவன். கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.

சூழலியல் பேசுகிற கூட்டங்களுக்குப் போனால் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். யார் ஆக்கிரமித்தது? இந்தக் கழுவேலிக்குள் குப்பைக் கிடங்கு வந்தது, ரயில் பாதை வந்தது, 200 அடி ரேடியல் சாலை நடுவே வெட்டிக்கொண்டு போனது. ஐடி வளாகங்களும் உயர்ந்த கட்டிடங்களும் எழுந்தன. இவற்றை வளர்ச்சி என்றார்கள். கூவம், அடையாற்றுக் கரைகளில் குடிசை போட்டவர்களை மட்டும் ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி அப்புறப்படுத்தினார்கள். கொண்டுவந்து எங்கே குடியமர்த்தினார்கள்? இதே தாழ்வான பகுதியில், கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும். 2015 டிசம்பரில் வெள்ளம் செம்மஞ்சேரிக்குள் வந்தது. 2023-இல் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கம் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு சேற்றையும் கழிவையும் அள்ள வந்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சதுப்பு நிலத்தைக் காப்பது நமக்கு எதிரான காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கழுவேலி சுருங்கினால் முதலில் நனைவது நம் தரைத்தளம். ஆகவே அதைப் பற்றிப் பேசுகிற மேடையில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும். மேடை ஏறும் முன் இடத்தை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

நடப்பதும் நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1893-இல் அய்யன்காளி பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டியபோது அது திருவிதாங்கூரில் ஒரு கலகம். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாத் நகரின் சவுதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீர் அருந்தினார். குளத்தைத் திறந்துவிட நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது, ஆனாலும் யாரும் கரையை நெருங்க முடியவில்லை. நடந்து போன பிறகுதான் அது உரிமையானது. அதற்கும் அடி வாங்கினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 1937 ஆயிற்று.

இன்றைய வாசல்களில் சாதிப் பெயரை யாரும் கேட்பதில்லை. நகரத்தின் ஒரு பூங்காவுக்கு ஒருமுறை பிள்ளைகளோடு போனோம். காவலாளி "எந்த ஏரியா?" என்றார். சொன்னோம். "லெட்டர் இருக்கா?" என்றார். எங்களுக்கு முன்னால் போன குடும்பத்திடம் அவர் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் சண்டை போடவில்லை. கட்டணப் பலகையைக் காட்டினோம், சீட்டு வாங்கினோம், உள்ளே போனோம். வெளியே வரும்போது பிள்ளைகள் அவருக்கும் ஒரு கடலைமிட்டாய் கொடுத்தார்கள். அவரும் நம்மைப் போல ஏதோ ஒரு ஏரியாவிலிருந்து வருகிறவர்தான்.

நீங்களும் உங்கள் பகுதியில் தொடங்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலை ஆறு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். முழுக்கால் சட்டை, தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு போதும். தண்ணீரில் இறங்க வேண்டாம், கூட்டின் பக்கம் போக வேண்டாம். மரம் பார்க்க ஆசைப்பட்டால் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர் காடு. ஆளுநர் மாளிகைத் தோட்டமாக இருந்தது, 1978-இல் தேசியப் பூங்காவானது. சிறுவர் பூங்கா வழியாகப் போனால் அதன் ஓரத்தையாவது பார்க்கலாம். எங்கே போனாலும் உங்கள் தெருவில் ஏரி வேலை, காட்டு வேலை தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிப் போங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த ஞாயிறும் போகிறோம். ஆயா வருவதாகச் சொல்லியிருக்கிறார். குடத்தோடு நின்ற அக்காவிடமும் கேட்டிருக்கிறோம். "தண்ணி லாரி வராத நாளாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். லாரி எந்த நாளில் வராது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெய் பீம்.