ஓரிக்கை வேம்பு

காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றை நோக்கிச் செல்லும் சாலையில் இருக்கிறது ஓரிக்கை. திருமழிசையாழ்வாரின் சீடரான கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டு அகற்றினானாம். ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய 'ஓரிரவிருக்கை'யே ஓரிக்கை ஆயிற்று என்பது ஸ்தல வரலாறு.

சென்ற மார்கழிக் கடைசியில் நாம் அங்கே போயிருந்தோம். தெருவிலே பட்டுப் பாவை நீளக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். நிழல் தரவேண்டிய பெரிய வேப்பமரமோ, நெருப்பில் வாட்டியதுபோல் நின்றது. நுனிக் கொம்புகள் கருகி, இலைகள் பழுப்பாய்ச் சுருண்டு தொங்கின.

"மரம் பட்டுப்போச்சுங்க, ஐயா. தை பிறந்ததும் வெட்டச் சொல்லிட்டோம்" என்றார் வீட்டுப் பெரியவர்.

"ஆத்தா குடியிருந்த மரம்" என்று அவருடைய மனைவியார் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பெரியவரே, பங்குனி வரையில் பொறுத்திருங்கள்" என்று நாம் வேண்டிக்கொண்டோம்.

அது ஆத்தாளின் கோபமன்று. நுனிக்கருகல் என்னும் பூஞ்சை நோய். 'போமாப்சிஸ் அசாடிராக்டே' என்ற அந்தப் பூஞ்சையை 1997-இல் மைசூர் விஞ்ஞானிகள் விவரித்துப் பெயரிட்டார்கள். 2021-ஐ ஒட்டித் தெலுங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் எண்ணற்ற வேம்புகள் இவ்வாறு கருகின. மழைக்காலத்தில் தொடங்கும் இந்நோய் பனிக்காலத்தில் முற்றும். தளிரின் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் சேர்ந்தால் சேதம் அதிகம். பூவும் காயும் போய்விடும். விதை வழியாகவும் நோய் பரவும். ஆயினும் அடிமரம் பெரும்பாலும் உயிரோடிருந்து, வெயில் ஏறியதும் மறுபடி துளிர்க்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பயிர்களின் பூஞ்சையை வேப்பெண்ணெயால் அடக்கும் முறைக்கு அமெரிக்க அரசாங்கமும் ஒரு கம்பெனியும் ஐரோப்பாவில் பேடண்ட் வாங்கியிருந்தன. நம்மவர் வழக்காடியதால் அது 2000-இல் ரத்தாகி, 2005-இல் அத்தீர்ப்பு உறுதியாயிற்று. அன்று மரத்தின் உரிமைக்காகப் போராடினோம். இன்று மரத்திற்கே பூஞ்சை வந்திருக்கிறபோது கோடரியைத் தேடலாமா?

அவசரத்தின் விளைவை அமெரிக்கா கண்டிருக்கிறது. 1904-இல் நியூயார்க்கில் தென்பட்ட ஒரு பூஞ்சையால், அரை நூற்றாண்டுக்குள் 300 கோடிக்கு மேற்பட்ட செஸ்ட்நட் மரங்கள் மாண்டன. எப்படியும் சாகுமென்று நல்ல மரங்களையும் வெட்டினார்கள். நோயைத் தாங்கவல்ல மரங்களும் அவற்றோடு போயிருக்கலாமே என்று பின்னால் வருந்தினார்கள். நம் வேம்புக்கு அத்தகைய அழிவு வரவில்லை. அதற்குள் நாமே அழிக்காதிருந்தால் போதும்.

பெரியவர் பொறுத்தார். மழை ஓய்ந்த நாளில் கருகிய கொம்புகளை மட்டும் கழித்து எரித்துவிட்டாராம். சித்திரையில் மறுபடி போனோம். ஒரு பெருங்கிளை பட்டே போயிருந்தது. மற்றவற்றில் செம்புநிறத் தளிர்கள்.

"வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் பூவைக் கடையிலேதான் வாங்கினோம், ஐயா. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் அம்மையார்.

போன பெருமாளை மன்னன் வேண்டித் திரும்ப அழைத்துக்கொண்டான். வெட்டி விறகாக்கிய மரத்தை யார் போய் அழைப்பது?